பாண்ட்ஸுக்குக் கைதட்டியபோது நமக்குத் தெரியாதா?

கேள்வி: 26 ஜனவரி 2022

பத்திரிகைக்காரர்கள் வாக்களிக்கும் ஹால் ஆஃப் ஃபேம் (பேஸ்பாலின் புகழ் மண்டபம்) வாக்கெடுப்பின் முடிவு நேற்று வெளியானது; அதில் ஊக்கமருந்துச் சந்தேகத்துக்கு ஆளான சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் வீரர் பாரி பாண்ட்ஸ் பத்தாவது முறையாக, அதாவது கடைசி முறையாக, தோற்றுவிட்டார். என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊக்கமருந்தைப் பற்றி பேஸ்பால் ரசிகன் என்றைக்கும் கவலைப்பட்டதில்லை. கவலைப்பட்டவர்கள் பத்திரிகைக்காரர்கள் மட்டுமே. அந்தக் காலத்தில் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் யாராவது இதை மறுக்க முடியுமா?

26 ஜனவரி 2022, இரவு

மறுக்கிறேன். நான் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தவன்தான்.

2006 பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே சான் டியேகோவில் பாண்ட்ஸின் அருகே ஒரு ரசிகர் ஊசியில்லாத சிரிஞ்சை எறிந்தார். அடுத்த ஆண்டு ஹாங்க் ஆரனின் 755 ஹோம் ரன் (பந்தைச் சுவருக்கு அப்பால் அடிப்பது) என்ற வாழ்நாள் சாதனையைப் பாண்ட்ஸ் கடந்தபோது, அந்த 756ஆவது பந்தை ஆடை வடிவமைப்பாளர் மார்க் எக்கோ 7,52,467 டாலருக்கு ஏலத்தில் எடுத்து, அதை என்ன செய்யலாம் என்று இணையத்தில் பொதுவாக்கெடுப்பு நடத்தினார். மக்கள் சொன்ன தீர்ப்பின்படி அதன் தோலில் ஒரு நட்சத்திரக் குறி பொறிக்கப்பட்டு, பந்து ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனுக்கு அனுப்பப்பட்டது. சந்தேகத்துக்குரிய சாதனை என்பதுதான் அந்தக் குறிக்குப் பொருள். வாக்களித்தவர்கள் பத்திரிகைக்காரர்கள் அல்லர், சாதாரண ரசிகர்கள்.

நேற்றைய கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். தேவை 75 விழுக்காடு. பாண்ட்ஸ் பெற்றது 66.0, அதே சந்தேகத்துக்கு ஆளான பந்துவீச்சாளர் ரோஜர் கிளெமன்ஸ் பெற்றது 65.2. மூன்றில் இரண்டு பங்குப் பத்திரிகைக்காரர்கள் மன்னித்துவிட்டார்கள் என்றுதான் இதற்குப் பொருள். மன்னிக்காதவர்கள் ரசிகர்கள்தான், அவர்களில் நானும் ஒருவன். 1998இல் மார்க் மக்வயர் ஒரே பருவத்தில் 70 ஹோம் ரன் அடித்தபோது ஸ்டீராய்டுக்குத் தடையே கிடையாது என்பதால் அவரையாவது விட்டுவிடலாம். எல்லாம் தெரிந்த பிறகும் தொடர்ந்த பாண்ட்ஸை எப்படி விடுவது?

27 ஜனவரி 2022

நேற்று எழுதியதில் ஒரு பெரிய பிழை இருப்பதை இருவர் சுட்டிக்காட்டினார்கள். அவர்கள் சொல்வது சரி. தடை இருந்தது. அன்றைய பேஸ்பால் ஆணையர் ஃபே வின்சென்ட் 1991ஆம் ஆண்டிலேயே எல்லா அணிகளுக்கும் அனுப்பிய குறிப்பில், மருத்துவர் சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டு எடுப்பது விதிமீறல் என்று எழுதியிருந்தார். அமெரிக்கச் சட்டமும் அதற்குள் அதைக் கட்டுப்பாட்டுப் பொருளாக்கிவிட்டது. இல்லாமல் இருந்தது சோதனை மட்டுமே. திருட்டுக்குத் தண்டனை உண்டு, ஆனால் காவலர் கிடையாது என்று அறிவித்த ஊர் போல அந்த விளையாட்டு பத்தாண்டுக்கு மேல் நடந்தது.

மக்வயரின் கதை இதிலிருந்து சற்று விலகியது. அவருடைய லாக்கரில் ஸ்டீவ் வில்ஸ்டீன் என்ற செய்தியாளர் கண்டது ஆண்ட்ரோஸ்டீன்டயோன் புட்டி. உடலுக்குள் போனதும் டெஸ்டோஸ்டிரோனாக மாறக்கூடிய அந்தப் பொருளை ஒலிம்பிக் அமைப்பு தடை செய்திருந்தது. அமெரிக்கக் கால்பந்தும் தடை செய்திருந்தது. பேஸ்பாலில் தடையில்லை, தெருமுனைச் சத்துமாவுக் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். செய்தி வெளியானதும் வசவு வாங்கியவர் மக்வயர் அல்லர், வில்ஸ்டீன். அடுத்தவர் லாக்கரை எட்டிப் பார்த்தார் என்பது குற்றச்சாட்டு.

அன்று அந்தச் செய்தியாளரைத் திட்டியவர்களில் நானும் உண்டு, அலுவலக உணவறையில். இதை எழுதும்போதுதான் நினைவுக்கு வருகிறது. 1994 வேலைநிறுத்தத்தில் உலகத் தொடரே ரத்தாகி, வெறுத்துப்போய் விலகிய ரசிகர்களை 1998 கோடைதான் திரும்ப அழைத்து வந்தது என்பார்கள். எனக்கோ அதுதான் முதல் கோடை. மென்பொருள் வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கிரிக்கெட்டில் சிக்சர் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த ஆட்டத்தில் முதலில் புரிந்த ஒரே விஷயம் ஹோம் ரன்தான்.

30 ஜனவரி 2022

என் வீட்டிலிருந்து விமான நிலையத்துக்குப் போகும் வழியில் பர்லிங்கேம் வருகிறது. வீரர்களுக்கு ஊக்கமருந்து தந்த பால்கோ ஆய்வகம் இருந்தது அங்கேதான். 2003 செப்டம்பரில் அதிகாரிகள் அங்கே சோதனை நடத்தினார்கள். அதற்குச் சில மாதங்கள் முன்பு ஒரு தடகளப் பயிற்சியாளர், பயன்படுத்திய சிரிஞ்ச் ஒன்றை ஊக்கமருந்துத் தடுப்பு முகமைக்கு அனுப்பியிருந்தார். லாஸ் ஏஞ்சலஸில் டான் காட்லினின் ஆய்வகம் அதில் ஒட்டியிருந்த எச்சத்தைப் பிரித்துப் பார்த்து, எந்தச் சோதனையிலும் சிக்காதபடி வடிவமைக்கப்பட்ட டி.ஹெச்.ஜி. என்ற புதிய ஸ்டீராய்டு அது என்று கண்டறிந்தது. பால்கோ தந்தவற்றில் நாக்கின் அடியில் சில சொட்டு விட்டுக்கொள்வது ஒன்று, தோலில் தேய்த்துக்கொள்ளும் களிம்பு இன்னொன்று. பாண்ட்ஸ் நீதிமன்ற நடுவர் குழு முன் கொடுத்த சாட்சியம் பிறகு பத்திரிகையில் கசிந்தது. பயிற்சியாளர் தந்ததை ஆளிவிதை எண்ணெய் என்றும் மூட்டுவலித் தைலம் என்றும் நினைத்துப் பயன்படுத்தியதாக அவர் சொல்லியிருந்தார்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், 2004 கோடையில் ஏழு வயது மகனை முதன்முதலாக ஜயன்ட்ஸ் மைதானத்துக்கு அழைத்துப் போனபோது பால்கோ என்ற பெயர் எங்கள் வட்டாரத்தில் எல்லோர் வாயிலும் இருந்தது. தெரியாது என்று சொல்ல எனக்கு இடமில்லை.

அந்த ஆண்டு எதிரணிகள் பாண்ட்ஸுக்குப் பந்து வீசவே பயந்தன. எட்டாத பந்து நான்கு வந்தால் அடிப்பவர் இலவசமாக முதல் பேஸுக்கு (ஓட்டத்தின் முதல் நிலை) போகலாம்; அப்படி 232 முறை அவர் அடிக்காமலே நடந்தார். அவற்றில் 120 முறை வேண்டுமென்றே நடக்கவிடப்பட்டார். அது எப்படி என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது, ஏனென்றால் 2017 முதல் கையைக் காட்டினாலே போதும். அன்றோ கேட்சர் (பந்து பிடிப்பவர்) எழுந்து, ஓர் அடி ஒதுங்கி, ஒரு கையைப் பக்கவாட்டில் நீட்டி நிற்பார். பிட்சர் (பந்து வீசுபவர்) நான்கு பந்தை எட்டாத தூரத்தில் மெதுவாகப் போடுவார். பாண்ட்ஸ் மட்டையைத் தோளிலிருந்து எடுக்கவே மாட்டார். ஒவ்வொரு முறையும் மைதானத்தின் கம்பித் தடுப்பில் ரசிகர்கள் ஒரு மஞ்சள் ரப்பர் கோழியைத் தொங்கவிடுவார்கள். எதிரணி பயந்துவிட்டது என்று பொருள். ஆங்கிலத்தில் கோழி என்றாலே பயந்தாங்கொள்ளி. நமக்கும் கோழிக்கும் கோழைக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்று பக்கத்து இருக்கைக்காரருக்கு விளக்க முயன்று தோற்றேன்.

எங்கள் கையிலும் ஒரு கோழி இருந்தது. மூன்றாவது முறை வந்தபோது அவருக்கு உண்மையாகவே பந்து வீசினார்கள். முழங்கையில் கவசம், மேப்பிள் மரத்தில் செய்த கறுப்பு மட்டை, பிடியின் அடிக் குமிழிலிருந்து ஓர் அங்குலம் மேலே தள்ளிப் பிடித்த கைகள். சுழற்சி மிகச் சிறியது, கதவைத் திறந்து மூடுவது போல. பந்து வலப்புறச் சுவரைத் தாண்டியதும் மைதானம் முழுதும் எழுந்தது, நானும் எழுந்தேன். அப்போது மகன், "அப்பா, இவர் மருந்து சாப்பிட்டாரா?" என்று கேட்டான். எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்று பதில் சொன்னதாக நினைவு. வழக்கறிஞர் போலப் பேசியிருக்கிறேன்.

ஆக, கேள்வி கேட்டவர் சொன்னது பாதி சரி. கவலைப்பட்டோம், ஆனால் வேறு ஊர் வீரர்களைப் பற்றி.

30 ஜனவரி 2022, சிறு குறிப்பு

"ஸ்டீராய்டு என்றால் எல்லாம் ஒன்றுதானா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அல்ல. ஆஸ்துமாவுக்குத் தரும் பிரெட்னிசோலோன் வேறு வகை. வீக்கத்தைக் குறைக்கும், தசையை வளர்க்காது. ஒரு குளிர்காலத்தில் அதை ஒரு வாரம் சாப்பிட்டேன். தொலைபேசியில் "ஸ்டீராய்டு" என்ற சொல்லைக் கேட்ட என் அம்மா, செய்தியில் வரும் ஆட்டக்காரர்கள் சாப்பிடுவதா என்று பதறினார். அந்த வாரத்தில் நான் அடித்த ஹோம் ரன்களின் எண்ணிக்கை சுழியம். தின்ற இட்லியின் எண்ணிக்கை மட்டும் சாதனை.

வீரர்கள் எடுப்பது டெஸ்டோஸ்டிரோனும் அதன் உறவுகளும். அது கண்பார்வையையோ பந்தைக் கணிக்கும் திறமையையோ தருவதில்லை. பயிற்சிக்குப் பிறகு தசை சீக்கிரம் தேறுகிறது, அதனால் மறுநாளும் அதே பளுவைத் தூக்க முடிகிறது. ஆறு மாதத்தில் 162 ஆட்டம் ஆடுகிறவனுக்கு இதன் மதிப்பு என்ன என்று யோசித்துப் பாருங்கள். மட்டையின் வேகம் சிறிதளவு கூடினாலே சுவருக்கு முன்னால் பிடிபட வேண்டிய பந்து சுவரைத் தாண்டிவிடும்.

6 பிப்ரவரி 2022

பாஸ்டன் அணியின் டேவிட் ஓர்டிஸ் முதல் வாய்ப்பிலேயே 77.9 விழுக்காட்டுடன் உள்ளே போனதை ஏன் யாரும் எடுக்கவில்லை? 2003இல் பெயர் வெளியிடமாட்டோம் என்ற வாக்குறுதியுடன் ஒரு முன்னோட்டச் சோதனை நடந்தது. ஐந்து விழுக்காட்டுக்கு மேல் சிக்கினால் அடுத்த ஆண்டு முதல் கட்டாயச் சோதனை என்பது ஒப்பந்தம். அப்படியே சிக்கினார்கள். ஓர்டிஸின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்ததாக 2009இல் செய்தி வந்தது. பின்னர் ஆணையர் ராப் மான்ஃப்ரெட், அந்தப் பழைய முடிவுகள் சிலவற்றில் அறிவியல் ரீதியான ஐயங்கள் இருந்தன என்று சொல்லி அவருக்குத் துணை நின்றார். ஐயத்தின் பலனை அவருக்குக் கொடுப்பது நியாயமே. ஆனால் சிரித்த முகம் உள்ளவருக்குக் கிடைக்கும் ஐயத்தின் பலன், செய்தியாளர்களிடம் எரிந்து விழுந்த பாண்ட்ஸுக்குக் கிடைக்குமா என்பதே என் கேள்வி.

2009 மே மாதம் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் மேனி ராமிரெஸுக்கு 50 ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. சிக்கியது ஹெச்.சி.ஜி., பெண்களுக்குக் கருத்தரிப்புச் சிகிச்சையில் தரும் மருந்து. ஸ்டீராய்டு சுற்றை முடித்தவர்கள் உடலின் சொந்தச் சுரப்பை மீட்க அதை எடுப்பதுண்டு. ஜூலையில் அவர் சான் டியேகோவில் திரும்பியபோது, லாஸ் ஏஞ்சலஸிலிருந்து திரண்டு வந்த டாட்ஜர்ஸ் ரசிகர்கள் போர்க்களத்திலிருந்து மீண்ட மகனைப் போல வரவேற்றார்கள். பாண்ட்ஸ் வரும்போதெல்லாம் "ஸ்டீராய்டு" என்று கத்திய அதே ரசிகர்கள்.

இன்னொன்றும் இதே சான் டியேகோவில்தான். 2007 ஆகஸ்ட் 4 அன்று பாண்ட்ஸ் 755ஐ எட்டியபோது கூட்டத்தில் பாதி கூச்சல், பாதி கைதட்டல். ஆணையர் பட் செலிக் எழுந்து நின்றார், இரண்டு கையும் பைகளுக்குள். அந்தப் பந்தை வீசிய கிளே ஹென்ஸ்லி, இரண்டு ஆண்டுக்கு முன் சிறு லீகில் (பெரிய லீகுக்குக் கீழ்நிலை) ஸ்டீராய்டுக்காகத் தடை வாங்கியவர். மருந்தடித்தவன் மருந்தடித்தவனுக்கு வீசினான் என்று ஒரு பதாகை கூட இல்லை. அவர் அவர்கள் ஊர்ப் பிட்சர். அந்தக் காலம் முழுதும் தலைமையில் இருந்த செலிக் 2017இல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போய்விட்டார்.

கிரிக்கெட்காரர்கள் சிரிக்க வேண்டாம். 2003 உலகக் கோப்பையின் தொடக்கத்தில் ஷேன் வார்ன் தடை செய்யப்பட்ட நீர்ப்போக்கி மாத்திரையில் சிக்கி ஓராண்டு வெளியில் இருந்தார், அம்மா கொடுத்த மாத்திரை என்றார். அவருடைய 708 விக்கெட்டுக்குப் பக்கத்தில் யாராவது நட்சத்திரக் குறி போட்டோமா?

13 ஆகஸ்ட் 2022

நேற்று சான் டியேகோ அணியின் ஃபெர்னாண்டோ டாடிஸ் ஜூனியருக்கு 80 ஆட்டத் தடை. 14 ஆண்டுக்கு 34 கோடி டாலர் ஒப்பந்தம் உள்ள 23 வயதுப் பிள்ளை. சிக்கியது குளோஸ்டிபால் என்ற ஸ்டீராய்டு. படர்தாமரைக்குப் போட்ட மருந்தில் இருந்தது என்கிறார். ஆளிவிதை எண்ணெயிலிருந்து படர்தாமரை வரைக்கும் வந்திருக்கிறோம். அடுத்தது சேற்றுப்புண்ணாக இருக்கலாம்.

சாக்குகளில் எனக்குச் சிரிப்பு வராத ஒன்று உண்டு. 2011இல் மில்வாக்கியின் ரயன் பிரான் சிக்கினார். அந்த ஆண்டின் மிகச்சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான். சிறுநீர் மாதிரியைச் சேகரித்தவர் சனிக்கிழமை மாலையில் இனி அனுப்ப முடியாது என்று நினைத்து திங்கள்வரை வீட்டில் வைத்திருந்தார். அந்த நடைமுறைத் தவறை வைத்து ஷ்யாம் தாஸ் என்ற நடுவர் தடையை நீக்கினார். முத்திரை உடைபடவில்லை. பிரான் செய்தியாளர்களைக் கூட்டி, அந்தச் சேகரிப்பாளர் மீதே சந்தேகம் விழும்படி பேசினார். 2013இல், பயோஜெனிசிஸ் என்ற சிகிச்சை நிலையம் வீரர்களுக்கு ஊக்கமருந்து தந்த விவகாரத்தில் 65 ஆட்டத் தடையை எதிர்ப்பின்றி ஏற்றுக்கொண்டார். மருந்து எடுத்ததை மன்னிக்கத் தோன்றுகிறது. சம்பளத்துக்குப் பாட்டில் எடுத்துப் போன ஒரு மனிதரை ஊர் முன்னால் நிறுத்தியதை மன்னிக்கத் தோன்றவில்லை. ஆனால் பிரானுக்கும் சொந்த ஊரில் கைதட்டல் கிடைத்தது.

5 அக்டோபர் 2022

நேற்று ஆர்லிங்டனில் நியூயார்க் யாங்கீஸின் ஆரோன் ஜட்ஜ் இந்தப் பருவத்தின் 62ஆவது ஹோம் ரன்னை அடித்தார். ரோஜர் மாரிஸின் மகன் உள்பட பலரும் இதுவே உண்மையான சாதனை என்கிறார்கள். பாண்ட்ஸின் 73ஐயும், மக்வயரின் 70ஐயும், சிகாகோ வீரர் சாமி சோசாவின் 66ஐயும் மனத்திலிருந்து அழித்துவிட வேண்டுமாம்.

முதன்முதலில் நட்சத்திரக் குறியால் அவமதிக்கப்பட்டவரே அந்த மாரிஸ்தான் என்பது இங்கே பலருக்கு நினைவில்லை. 1961இல் அவர் 61 அடித்தபோது, பேப் ரூத் 154 ஆட்டப் பருவத்தில் 60 அடித்தவர், இவர் ஆடியது 162 ஆட்டப் பருவம் என்று சொல்லி இரண்டையும் தனித்தனியாகப் பதியவேண்டும் என்றார் ஆணையர் ஃபோர்ட் ஃப்ரிக். குறி என்று எதுவும் புத்தகத்தில் அச்சாகவே இல்லை. ரசிகர்கள் மனத்தில் மட்டும் முப்பது ஆண்டு அச்சாகி இருந்தது. 1991இல் ஒரு குழுவை வைத்து அந்தப் பிரிவினையை முடிவுக்குக் கொண்டுவந்தவர் யார் தெரியுமா? ஃபே வின்சென்ட். ஸ்டீராய்டு தடைக் குறிப்பு அனுப்பிய அதே ஆண்டில். முதல் செயல் செய்தியானது. இரண்டாவதை யாரும் படிக்கவில்லை.

ஜனவரியில் பந்தில் குறி போட்டதை ரசிகர்களின் தீர்ப்பு என்று பெருமையாக எழுதியிருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியில்லை. 73ஐ நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

5 டிசம்பர் 2022

நேற்று பதினாறு பேர் கொண்ட சிறப்புக் குழு ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஃப்ரெட் மக்ரிஃபை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. பாண்ட்ஸ், கிளெமன்ஸ், அதே கறை படிந்த ரஃபேல் பால்மேரோ மூவருக்கும் தலைக்கு நான்கு வாக்குக்கும் குறைவு. குழுவில் முன்னாள் வீரர் ஃப்ராங்க் தாமஸும் இருந்தார்; பேஸ்பாலில் ஊக்கமருந்து பற்றி விசாரித்த 2007இன் மிட்செல் அறிக்கைக்காக, ஆடிக்கொண்டிருக்கும்போதே தானாக முன்வந்து பேசிய ஒரே வீரர். பத்திரிகைக்காரர்களைவிடச் சக வீரர்கள் எத்தனை கடுமையானவர்கள் என்று பாருங்கள்.

எனக்கு இப்போதுதான் அதன் காரணம் புரிகிறது. மக்ரிஃப் 493 ஹோம் ரன்னோடு நின்றவர். 1994 வேலைநிறுத்தம் தொடங்கும்போது 34 அடித்திருந்தார், அத்தோடு பருவம் முடிந்தது. 500ஐத் தொட்டிருந்தால் கதவு தானாகத் திறந்திருக்கும். பிறகு சுற்றியிருந்தவர்கள் அறுபதும் எழுபதும் அடிக்க, முப்பது அடிக்கும் நேர்மையான மனிதர் சாதாரணமாகத் தெரிந்தார். அவராவது பெரிய லீகில் ஆடியவர், கோடிகள் சம்பாதித்தவர். சிறு லீகின் உச்சப் படியில், பேருந்திலேயே இரவைக் கழித்துக்கொண்டு, ஒரே ஒரு இடம் காலியாகுமா என்று பார்த்துக்கொண்டிருந்தவரை நினைத்துப் பாருங்கள். 2004இல் மேலே போனால் குறைந்தபட்சச் சம்பளமே 3 லட்சம் டாலர். பக்கத்து லாக்கர்க்காரர் ஊசி போட்டுக்கொண்டு அந்த இடத்துக்குப் போயிருந்தால், இவருடைய பெயர் எந்தப் புத்தகத்திலும் நட்சத்திரக் குறியோடுகூட இருக்காது. நாம் ஆரனுக்காகவும் மாரிஸுக்காகவும் கண்ணீர் விட்டோம். அவர்களுக்கு எதுவும் குறையவில்லை.

பழைய காலம் சுத்தமானது என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். பட் கால்வின் என்ற பிட்சர் 1889இல் விலங்குகளின் விதைப்பைச் சாற்றை ஊசியில் ஏற்றிக்கொண்டு ஆடினார்; அப்போதைய பத்திரிகை அதைப் பாராட்டித்தான் எழுதியது. அவரும் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். அறுபதுகளிலிருந்து உடைமாற்றும் அறைகளில் தாராளமாகக் கிடைத்த ஆம்ஃபெட்டமைன் மாத்திரைக்குச் சோதனை வந்தது 2006இல்தான்.

27 ஏப்ரல் 2023

தண்டனை முடிந்து டாடிஸ் திரும்பிவிட்டார். சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் வலப்புறத் திறந்தவெளி இருக்கைக்காரர்கள் "இவன் ஸ்டீராய்டில் இருக்கிறான்" என்று தாளம் போட்டுப் பாட, அவர் அந்தத் தாளத்துக்கே ஆடிக் காட்டினார். அந்த இருக்கைகளை நோக்கித்தான் ஒவ்வொரு ஆட்டத் தொடக்கத்திலும் சாமி சோசா ஓடிவந்து கையசைப்பார். அந்த இருக்கைகள்தான் அவருக்காக எழுந்து நின்றன.

19 ஜனவரி 2025

சோசாவை வீட்டுக்குள் சேர்த்துவிட்டார்கள். இருபது ஆண்டு கழித்து, சிகாகோ கப்ஸ் அணியின் ரசிகர் கூடுகைக்கு வந்தார். அரங்கமே எழுந்து நின்றது. போன மாதம் வெளியிட்ட அறிக்கையில், காயங்களிலிருந்து தேறி 162 ஆட்டம் ஆட முடிந்ததையெல்லாம் செய்ததாகவும், சட்டம் எதையும் மீறவில்லை என்றாலும் தவறுகள் செய்ததாகவும் சொல்லி மன்னிப்புக் கேட்டிருந்தார். மருந்து என்ற சொல்லே அதில் கிடையாது. கேட்டவர்களுக்கும் அந்தச் சொல் தேவைப்படவில்லை போலிருக்கிறது.

பாண்ட்ஸுக்கு எங்கள் ஊர் இத்தனை காலம் எடுத்துக்கொள்ளவில்லை. 2018லேயே அவருடைய 25ஆம் எண்ணை, வேறு யாரும் அணியாதபடி, ஓய்வுபெறச் செய்தார்கள். நான் போகவில்லை. கொள்கைக்காகப் போகவில்லை என்று அப்போது எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் டிக்கெட் கிடைக்கவில்லை.

20 ஜனவரி 2025

மகன் இந்த இழையைப் படித்துவிட்டு நேற்றிரவு தொலைபேசியில் பேசினான். வயது இருபத்தேழு ஆகிவிட்டது. ரப்பர் கோழி கராஜில் கிறிஸ்துமஸ் விளக்குப் பெட்டிக்குள் இருக்கிறதாம், கொண்டை கிழிந்துவிட்டதாம். 2022 ஜனவரி 30 குறிப்பில் நான் எழுதிய ஒன்றைத் திருத்தச் சொன்னான். அதற்காகத்தான் இந்தக் குறிப்பு. மருந்து சாப்பிட்டாரா என்று அவன் கேட்டது பந்து சுவரைத் தாண்டிய பிறகு அல்ல, பாண்ட்ஸ் மட்டையோடு நடந்து வந்தபோதே. எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்று நான் சொல்லவும் இல்லை. "பேசாமல் இரு, அடிக்கப் போகிறார்" என்றேனாம்.